சந்தனம் துடைத்த கைக்குட்டை

இந்த வாழ்க்கைக் குறிப்புடன் ஒரு படம் வந்திருக்க வேண்டும். அது ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்தத் தீவின் வடக்கே, பாம்ப்ளமூஸ் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் பி.ஏ. முடித்த முதல் ஆள் நான். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ‘போர்வீரர் வேலாயுதன்’ என்று தலைப்பை முதலில் எழுதி வைத்துவிட்டு, பிறகுதான் அவரிடம் போனேன்.

வேலாயுதன் மாமா கரும்புத் தோட்டத்துக் கூலி லைனில் பிறந்தவர். 1917இல் மெசபொட்டேமியாவுக்கு ஆள் எடுத்தபோது கப்பலேறினார். திரும்பி வந்து இரண்டு ஆர்ப்பான் நிலம் வாங்கிக் கரும்பு போட்டார். இன்றும் வரிசைக்கு நடுவே கத்தரியும் மிளகாயும் நடுகிறார்.

“பட்டாளமா? மண்வெட்டிப் பட்டாளம்!” என்று சிரித்தார். “ரோடு போட்டேன், தண்டவாளம் போட்டேன். துருக்கிக்காரன் மூஞ்சியைக்கூடப் பார்க்கலே.”

“துப்பாக்கியோடு படம் இருக்கிறதே, மாமா?”

“அது போர்ட் லூயிஸ் படக்கடைக்காரனோட மரக்கட்டைத் துப்பாக்கி. கப்பலேறுறதுக்கு முந்தி பிடிச்சுக்கிட்டு நின்னேன்.”

அதை நான் குறித்துக்கொள்ளவில்லை.

பாஸ்ரா கடைத்தெருவில் வாங்கிய ஆல்பத்தில், மரவள்ளி மாவுப் பசையால் தானே படங்களை ஒட்டியிருந்தார். கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு ஆள், சிரித்த முகம். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வருஷத்துக்கு வருஷம் வைத்து வைத்துக் கெட்டியாகியிருந்தன. மாமாவோடு கப்பலேறிய ரோஸ் ஹில்காரர் ஆல்பெர். பாஸ்ராவில் காய்ச்சலில் போனவர்.

“கிறிஸ்தவருக்குச் சந்தனமா, மாமா?”

“செத்தவனுக்கு வைக்காம? எனக்குத் தெரிஞ்ச மரியாதை அதுதான்.” ஆல்பெர் படத்தையும் மலரில் போட ஆல்பத்தை இரவல் கேட்டேன். கொடுத்துவிட்டுச் சொன்னார்: “அவனுக்கு இந்தத் தீவிலே கல்லறை இல்லே. வேற படமும் இல்லே. கல்லறைத் திருநாளுக்கு அவன் அக்கா மார்லென் பூ எடுத்துக்கிட்டு இங்கேதான் வருவா. நவம்பர் ரெண்டாம் தேதிக்குள்ளே ஆல்பத்தைத் திருப்பிக் குடுத்துடு, தம்பி.”

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தேன். பொட்டு வைத்த கிறிஸ்தவரை மலரில் போட்டால் படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று தோன்றியது. கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். குங்குமம் போயிற்று, சந்தனம் போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். சந்தனத்தோடு நெற்றி வந்தது. பதறிப்போய் ஒற்றி எடுத்ததில் கண்ணும் மூக்கும் வாயும் வந்துவிட்டன. தொப்பியும் காலர் பொத்தானும் மிஞ்சின. நடுவே வெள்ளைக் காகிதம்.

அன்றே மாமாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எழுதுகிற வேலை இருக்கிறது என்று பத்து நாள் வீட்டிலேயே கிடந்தேன். இரண்டாம் தேதி காலையில் போனபோது மார்லென் அம்மா ரயிலில் வந்து சேர்ந்திருந்தார். மடியில் வெள்ளைச் செவ்வந்தி. மாமா சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார்.

என்னிடமிருந்து ஆல்பத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தவர், சந்தனம் எடுத்த விரலை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“ஈரம் பட்டுவிட்டது, மாமா” என்றேன்.

“பதினெட்டு வருஷ மழை. சிக்லோன்லே கூரையே பறந்துச்சு. இவனுக்கு ஒண்ணும் ஆகலே. உங்க வீட்டு ஈரம் படிச்ச ஈரமா, தம்பி?”

“நான்தான் துடைத்தேன்.”

“எதுக்கு?”

“மலரில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று...”

என்ன நடந்தது என்று மார்லென் அம்மா கிரியோலில் கேட்டார். மாமா சொன்னார். அந்த அம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆல்பத்தை மடியில் வாங்கிக்கொண்டு, வெள்ளையாகிப்போன இடத்தை விரலால் தடவினார். மாமா அந்த இடத்திலேயே சந்தனம் வைத்தார்.

“சிரிச்சா அந்தப் பல்லு விழுந்த ஓட்டை தெரியுமே” என்றார் மார்லென் அம்மா. “இடது பக்கம்.”

“வலது பக்கம்” என்றார் மாமா.

“ஐயோ, வேலா! அவனை இடுப்பிலே தூக்கி வளர்த்தவ நான்.”

“ஒரே கூடாரத்திலே படுத்தவன் நான். வலதுதான்.”

“இடது!”

எது என்று பார்க்க, வழக்கம்போல இருவரும் சட்டென்று படத்தின் மேல் குனிந்தார்கள். வெள்ளைக் காகிதத்தில் சந்தனம் மட்டும் இருந்தது.