என் முகம், யாரோ ஒருத்தியின் குரல்

நான் நடித்த முதல் நாடகத்தில் எனக்கு மூன்றே வசனம். மலாக்காவில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், திருவிழாவுக்குப் போட்ட நாடகம். கதாநாயகனின் தங்கையாக நடிக்க வேண்டிய பெண்ணை அவள் அப்பா கடைசி நேரத்தில் அனுப்ப மறுத்துவிட்டார். எனக்கு அப்பா இல்லை. மறுக்க ஆளில்லாத வீட்டுப் பெண் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அது பின்னாளில்தான் புரிந்தது. அன்றைக்கு எனக்குத் திறமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. சாமான்களை ஏற்ற லோரி வந்து நின்றபோது, அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த அம்மா அதன் முன்னால் போய் நின்றாள். "எடம் பத்தாது, கொஞ்சத்த விட்டுட்டு வாங்க" என்று டிரைவர் சொன்னதற்கு, "லோரி நெறஞ்சிருச்சுன்றே. முப்பது வருசம் இங்க பாலு மரம் வெட்டுனேன், அத எதுல ஏத்துவே?" என்று கேட்டாள். அவன் பாவம், சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

புக்கிட் ரம்பாயில் ஒரு மலிவு வீட்டுக்குக் குடிவந்தோம். பக்கத்துத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாடக ஒத்திகை. கேண்டீனில் என்னை "நாடகக்காரி" என்று கூப்பிடுவார்கள், வேடிக்கையாகத்தான். ஆனால் அந்த வேடிக்கை எப்படியோ வெளியே போய், வந்த இரண்டு சம்பந்தங்களும் தட்டிப்போயின. மூன்றாவது வரவே இல்லை.

முப்பது வயதில் தொலைக்காட்சி நாடகத்துக்குக் கூப்பிட்டார்கள். கோலாலம்பூருக்கு பஸ் ஏறிப் போனேன். அம்மா வேடம் என்றார்கள். மகனாக நடித்தவன் என்னைவிட நான்கு வயதுதான் இளையவன். அன்று நரைக்கு அடித்த வெள்ளைச் சாயத்தைக் கழுவ விடவே இல்லை. இருபது வருடம் அம்மாவாக, சின்னம்மாவாக, விதவையாக நடித்தேன். அழுவதற்கு எனக்கு கிளிசரின் வேண்டாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். காலையில் வரச்சொல்லிவிட்டு மாலைவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தால் யாருக்கும் கண்ணீர் வரும்.

இதற்குள் அம்மாவுக்கு இனிப்பு நீர் நோய் முற்றி இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆனாலும் என் நாடகம் வரும் நேரத்துக்குத் தொலைக்காட்சி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். என் குரல் கேட்டதும் கையைத் தூக்கி, "சத்தம் போடாதீங்கலா, எம் மக பேசுது" என்று பக்கத்து வீட்டுக்காரர்களை அடக்குவாள்.

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் இளம் இயக்குநர் வீடு தேடி வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கதை சொன்னார். தோட்டத்தை விட்டுப் போக மறுக்கும் ஒரு பெண்ணின் கதை. அவள்தான் படம் முழுக்க.

"அக்கா, நீங்க வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசணும். மெட்ராஸ் தமிழ் வேணாம். நம்ம ஊரு தமிழ்தான் இந்தப் படமே."

லோரி முன்னால் அம்மா நின்றதை அவரிடம் சொன்னேன். உள்ளே இருந்த அம்மாவிடமும் போய்க் கேட்டார். அவள் அதே வார்த்தைகளைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். அதுவே படத்தின் கடைசிக் காட்சி ஆயிற்று.

படப்பிடிப்புக்காகத் தங்கா பத்து என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டில் எங்களைத் தங்கவைத்து, தினமும் ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு பாழடைந்த தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். தொழிற்சாலையில் அத்தனை நாள் லீவு கிடையாது என்றார்கள். வேலையை விட்டேன். லோரிக் காட்சி ஒரே டேக்கில் முடிந்தது. ஒலிப்பதிவு செய்த தம்பி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதுவும் அழிக்கப்போகும் குரலுக்கு.

படம் வெளியான அன்று அம்மாவுக்குப் பட்டுப்புடவை கட்டி, சக்கர நாற்காலியில் வைத்து, மலாக்கா டவுனில் மாலுக்குள் இருக்கும் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். விளக்கு அணைந்தது. திரை நிறைய என் முகம். வாய் திறந்தது. வந்தது வேறு யாருடைய குரலோ.

முதலில் ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மனம் அப்படித்தான் நினைக்கும்போல. கொஞ்ச நேரம் கழித்து அம்மா என் கையைச் சுரண்டினாள்.

"நீ எப்ப வருவே?"

"வந்துட்டேம்மா. இப்ப பேசறது நான்தான்."

"என்னைய ஏமாத்தாத. இது யாரோ இந்தியாக்காரி."

கடைசிக் காட்சி வந்தது. லோரி என்று சொல்ல என் உதடு குவிந்தது. அந்தக் குரல் லாரி என்றது. முப்பது வருடத்தை எதில் ஏற்றுவாய் என்பதைச் சுத்தமாக, அழகாக, அழுதுகொண்டே கேட்டது. அம்மா தன் வார்த்தைகளை அடையாளம் கண்டுகொண்டாள். பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டாள்.

இயக்குநருக்குப் போன் செய்தேன்.

"புரடியூசர் முடிவு, அக்கா. இந்தியாவுல ஓடணும்னா நம்ம ஸ்லாங் புரியாதுன்னுட்டாங்க. உங்க நடிப்ப யாரும் தொடலையே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா தம்பி?"

"வருத்தப்படுவீங்கன்னுதான்..."

போனை வைத்துவிட்டேன். படம் இந்தியாவில் ஒரு தியேட்டரிலும் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆனால் விருது வந்தது. இங்கேதான், கோலாலம்பூரில், சிறந்த நடிகை. போகக்கூடாது என்று ஒரு வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டாம் நாள் பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். மேடை ஏறினால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போது வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்தேன்.

கோப்பையைக் கையில் கொடுத்ததும் அறிவிப்பாளர் பெண் மைக்கை நீட்டினாள். "அந்த வசனத்தை எங்களுக்காக ஒரு தடவை பேசுங்க."

எதிரே நிறைந்த கூட்டம். அவர்கள் காதில் இருப்பது அந்தக் குரல். என் குரலில் பேசினால் இவள் யார் என்று நினைப்பார்கள். சிரித்தாலும் சிரிப்பார்கள். இத்தனையும் யோசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. நான் வாயைத் திறந்து, "லாரி நிறைஞ்சிடுச்சுன்றே" என்று தொடங்கினேன். அவளைப் போலவே நிறுத்தி, அவளைப் போலவே இழுத்து, அவள் உடைந்த இடத்தில் உடைந்து பேசினேன். நடிக்கத் தெரிந்தவள்தானே நான். எழுந்து நின்று கைதட்டினார்கள். தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றைக்கூடச் சொல்லாமல், அதே குரலில் நன்றி சொல்லி இறங்கினேன்.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்து அம்மாவின் மடியில் கோப்பையை வைத்தேன். தடவிப் பார்த்தாள். நல்ல கனம் என்றாள். நிகழ்ச்சியின் நேரடி ஒளிபரப்பைப் பக்கத்து வீட்டில் போட்டார்களாம், அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்களாம்.

"அந்தப் பொம்பளயும் வந்துருந்துச்சா? மேடையில அதுதானே பேசுச்சு?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமாம்மா," என்றேன். "அவங்கதான்."

"ஒன்னய ஒரு வார்த்த பேச விடலியே," என்று அம்மா எனக்காகக் கோபப்பட்டாள்.