ஜமுனாமரத்தூர் தாண்டி சைக்கிள் பாதையில்

எனக்கு எழுத்து வேலை சரியாக வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத உட்கார்ந்தால் முன்னால் நடந்தது பின்னால் போய்விடுகிறது, சில பெயர்கள் அடியோடு மறந்தும் போச்சு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வருஷம் எண்பத்திரண்டோ எண்பத்து மூன்றோ, பொங்கல் கழிந்த வாரம். எங்கள் வீட்டுத் தறியில் பழைய பாவு நூல் நெய்து முடிந்து, புதுப் பாவு பிணைக்க ஆள் வர நான்கு நாள் இருந்தது. அந்த இடைவெளியில்தான் ஜவ்வாது மலைக்குப் போனேன். என் மகள் சாந்திக்கு மலைமேல் ஒரு சின்ன ஊரில் டீச்சர் வேலை கிடைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஜமுனாமரத்தூருக்கு அப்பால் அந்த ஊருக்கு பஸ் கிடையாது. காட்டுப் பாதையில் ஆறு மைல் சைக்கிளில்தான் போய் வந்தாள்.

காலை ஐந்தரை மணிக்கு ஆரணியில் போளூர் பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் ஓரம் நின்று சொன்னார்: "ஒண்டியா ஒரு பொண்ணு காட்டுல போய் வரான்னு நினைச்சா எனக்குத் தூக்கம் வரல. வேலையும் வேணாம், சம்பளமும் வேணாம். கையோட கூட்டிக்கினு வந்துடு." நானும் அந்த எண்ணத்தோடுதான் புறப்பட்டேன்.

போளூரில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழரை மணிக்கு மலை பஸ். உப்பு மூட்டை, மண்ணெண்ணெய் டின், கோழிக்கூடை எல்லாம் எங்களோடு ஏறின. வளைவுகள் தொடங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் இருந்த பெரியவர் தன் மூட்டையை நகர்த்திக்கொண்டார். "வாந்தி வந்தா தலைய வெளிய நீட்டிக்கோம்மா. என் மூட்டையில கருவாடு இருக்குது, அதுக்கே நாத்தம் போதும்" என்றார். சிரித்ததில் வாந்தி அடங்கிவிட்டது.

பத்து மணிக்கு ஜமுனாமரத்தூர். சாந்தி இரண்டு சைக்கிளோடு நின்றாள். ஒன்று அவளுடையது. இன்னொன்று கடையில் நாள் வாடகை மூன்று ரூபாய்க்கு எடுத்தது. தீபாவளி லீவில் வந்தபோது, விடிவதற்கு முன்னால், யாரும் பார்க்காத நேரத்தில் ஆரணிக் கோட்டை மைதானத்தில் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தாள். மனுஷர் பார்த்தால் நான் இறங்கித் தள்ள ஆரம்பித்துவிடுவேன்.

கடைவீதி தாண்டும்வரை தள்ளிக்கொண்டே போனேன். பிறகு செம்மண் பாதை. இரண்டு பக்கமும் புளியமரம், பலா, கடுக்காய் மரம். புளியங்காய் பழுக்கிற பருவம் என்பதால் காற்றே புளிப்பாக இருந்தது. ஓரிடத்தில் வீடு உயரப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. ஓடை அந்தப் பாறைகளுக்கு அடியில் நுழைந்து காணாமல் போய், கூப்பிடு தூரம் தாண்டி வெளியே வருகிறது. நடுவில் பாறைமேல் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுவது கேட்கும். அங்கே சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டும்.

"வேர் மேல நேரா ஏறும்மா, சாச்சினா வழுக்கிடும்" என்று சொல்லிவிட்டு சாந்தி முன்னால் போனாள். அவள் போன திக்கில் எங்கேயோ ஒரு கூவல் கேட்டது, ஏதோ காட்டுப் பறவை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஓர் இறக்கம். ஆரணியில் எங்கே இருக்கிறது இறக்கம்? நான் சமதரையில் மட்டுமே ஓட்டியவள். இத்தனை வருஷம் தறிக்குழியில் கால் விட்டு மிதிபலகையை மாற்றி மாற்றி மிதித்த கால். சைக்கிள் வேகம் பிடித்ததும் பயத்தில் பிரேக் ஞாபகமே வரவில்லை, கால் மட்டும் தறி மிதிப்பதுபோல் மிதித்துக்கொண்டே இருந்தது. மிதிக்க மிதிக்க வேகம் கூடியது. பாதை திரும்பியது, நான் திரும்பவில்லை. முள் நிறைந்த உன்னிச்செடிப் புதருக்குள் விழுந்தேன்.

சாந்தி வளைவு தாண்டிப் போய்விட்டாள். அத்துவானக் காட்டில் விழுந்து கிடக்கிறோமே என்று நினைத்து முடிப்பதற்குள் மரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள். மூத்தவள் பெயர் மங்கம்மா.

"இன்னா தாயே, ஓட்ட வந்தியா, பறக்க வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தூக்கினாள். முகத்தைப் பார்த்ததும், "டீச்சரம்மாவோட அம்மாவா? மூக்கு அப்பிடியே இருக்குதே" என்றாள். உடனே வாயருகே கையைக் குவித்து நீளமாக ஒரு கூவல். கீழே எங்கிருந்தோ பதில் கூவல் வந்தது. அதற்கும் அப்பால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் சாந்தி திரும்பி வந்துவிட்டாள்.

"தறி மிதிச்சியாம்மா?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு என் முழங்கையைப் பார்த்து அழுதாள்.

மங்கம்மா முள்ளைப் பிடுங்கிக்கொண்டே விவரம் சொன்னாள். "டீச்சர் இந்தாண்ட வந்தா நாங்க கூவுவோம். அந்தாண்ட இருக்கிறவங்க கேட்டு அவங்க கூவுவாங்க. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் சத்தம் கூடவே போவும்." பிள்ளைத்தாய்ச்சி நடந்து போனாலும், காய்ச்சல்காரனைத் தூக்கிப் போனாலும் அங்கே அப்படித்தானாம்.

பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "கூட்டினு போவத்தான் வந்தியா? முன்ன இருந்த வாத்தியாருக்கும் இப்பிடித்தான் அம்மா வந்தாங்க." நான் முந்தானையால் முழங்கையைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று அந்த ஊரில் தங்கினேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்தார்கள். ராத்திரி அவள் அப்பா சொன்னதை மட்டும் சாந்தியிடம் சொன்னேன். மறுநாள் பகல் ஒரு மணிக்குக் கிளம்பியபோது சாந்தி தன் துணிப்பையைக் கேரியரில் கட்டினாள். "அப்பா இவ்ளோ சொல்றாருன்னா வரேம்மா. ஆனா வான்னு நீயே வாயத் திறந்து சொல்லு" என்றாள்.

முந்தின நாள் விழுந்த இறக்கம் இப்போது ஏற்றம். இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு ஏறினோம். காட்டுக்குள் கூவல் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"பயமா இல்லியாடி?" என்று கேட்டேன்.

"மொத மாசம் இருந்துச்சு. இப்பல்லாம் சத்தம் வரலன்னாதான் பயம்."

மூன்றரை மணிக்கு பஸ் புறப்படத் தயாராக இருந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். சாந்தி பையைக் கையில் பிடித்தபடி படியருகே நின்றாள். கண்டக்டர், "ஜல்தி சொல்லும்மா, போளூர் எத்தனை?" என்றார். பஸ்ஸில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "ஒண்ணு" என்றேன். அவருக்குக் காதில் விழவில்லை. "ஒண்ணே ஒண்ணுங்க!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் எங்கேயும் பேசியதில்லை. சாந்தி பையை மறுபடியும் கேரியரில் வைத்துக் கட்டினாள்.

வீட்டில் நான் தனியாக வந்து நின்றதைப் பார்த்து என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். சாப்பாடு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் தெருவில் வரிசையாக வீடு, எதிர்வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். இருந்தும் என் மகளைப் பற்றி அந்தக் காட்டில்தான் எனக்குத் தைரியம் வந்தது என்றேன். அவர் கை கழுவிவிட்டு வந்து, "அந்தக் கூவல் எவ்ளோ தூரம் கேக்கும்?" என்றார்.

பஸ் சார்ஜ் எவ்வளவு கொடுத்தேன் என்பது ஞாபகமில்லாததால் எழுதவில்லை. ஆறு மைல் என்பது சாந்தி சொன்ன கணக்கு. எனக்கு அதிகமாகத்தான் தோன்றியது. அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் யாராவது தூரத்தையும் பஸ் நேரத்தையும் ஒரு தடவை சரிபார்த்துத் திருத்தி வையுங்கள்.