அக்கா கண் திறந்து செய்த தியானம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேராவது அக்காவிடம் ஒரு முறை திட்டு வாங்கியிருப்பீர்கள். மீதிப் பேர் அவருடன் பிற்காலத்தில் பழகியவர்கள். "அவரா? அவருக்குக் கோபமே வராதே!" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அந்த அக்கா எப்படி இந்த அக்கா ஆனார் என்பதைக் கூடவே இருந்து பார்த்த தங்கை நான். அவர் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் அதை எழுதி வைக்க விரும்புகிறேன்.

கண்டிச் சீமையில், பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லயத்தில் அக்கா பிறந்தார். அண்ணனுக்கு இளையவர், எனக்கு மூத்தவர். நான் நடை பழகும் முன்பே அப்பா காலமாகிவிட்டார். அம்மா கொழுந்து பறித்தார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்தார். அந்தச் சம்பளத்தில்தான் அக்கா படித்தார், பின்னர் என்னையும் படிக்க வைத்தார். வத்தேகமயில் கணித ஆசிரியையாகி, அத்தானை மணந்து, அங்கேயே வீடும் கட்டிக்கொண்டார். அண்ணன் போட்ட சோறு என்று வாய்விட்டுச் சொல்லாமல் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை.

ஆனால் கோபம் மட்டும் மூக்கு நுனியிலேயே இருக்கும். கணக்குப் பிழைத்தாலும் கத்துவார், கறியில் உப்புக் கூடினாலும் கத்துவார். கத்தி முடித்த கையோடு பாணும் சம்பலும் எடுத்து வைத்து, "சாப்பிடு" என்று அதற்கும் ஓர் அதட்டல் போடுவார். பிரஷர் ஏறிக்கொண்டே போனபோது டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "மனசையும் கொஞ்சம் பாத்துக்குங்க டீச்சர்" என்றார். அப்படித்தான் சனிக்கிழமைகளில் கண்டி நகரில் நடந்த தியான வகுப்பொன்றுக்கு அவர் போகத் தொடங்கினார்.

கணக்கு டீச்சர் தியானம் பழகினால் எப்படி இருக்கும்? காலையில் முன்னறையில் விளக்கேற்றி, போனில் மணி வைத்து, கண்ணை மூடி உட்காருவார். மணி அடிக்கும் வரை வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது, கதவு கிறீச்சிடக் கூடாது, அத்தான் இருமவும் கூடாது. "உங்க அக்கா கண்ணை மூடுனா நாங்க எல்லாம் மூச்சை மூடணும்" என்று அத்தான் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அக்காவுக்குச் சிரிப்பு வராது. மார்க் குறைந்த பிள்ளையைப் பார்ப்பது போல் அவரைப் பார்ப்பார்.

அண்ணன் தன் மகளின் கல்யாணத்துக்கு வெற்றிலை வைத்துக் கூப்பிட வந்தது அப்படியொரு காலையில்தான். எங்கள் குடும்பத்தில் முதல் வெற்றிலை கூடப் பிறந்தவள் வீட்டுக்கு. அதனால் அண்ணனும் அண்ணியும் பன்விலவிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அத்தான் பாண் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். கதவு சும்மா சாத்தியிருந்தது. அண்ணன் செருமிய சத்தத்திலேயே யாரென்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மணி அடிக்கும் வரை அசையக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். "நம்ம அண்ணன்தானே, உக்காந்திருப்பாருன்னு நெனச்சேன்" என்று பிறகு என்னிடம் அழுதார். மணி அடித்துக் கண்ணைத் திறந்தபோது வெற்றிலைத் தட்டு, அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டிய கதிரை மேல் இருந்தது. ஆட்கள் இல்லை.

வந்தவரை "வாங்க" என்று சொல்லாமல் இருப்பது என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டாலும் கேட்கும். அடிதடி நடந்தால்கூட மறுநாள் மறந்துபோகும். பேசாமல் இருப்பதுதான் அங்கே பெரிய சண்டை. தான் படிக்க வைத்த தங்கச்சி, அண்ணி முன்னால், கண்ணைக்கூடத் திறக்கவில்லை என்பது அண்ணனின் நெஞ்சில் தைத்துவிட்டது. கல்யாண மண்டப வாசலில் அக்காவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண்ணைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வரும் அத்தை முறையை வேறொருவர் செய்தார். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிடாமல் திரும்பி வந்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

கொஞ்ச நாள் தியானத்தையே விட்டுவிட்டார். பிரஷர் மறுபடி ஏறியது. பிறகு ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே என்னிடம் சொன்னார். "கண்ணை மூடுனாத்தான் வரும்னா அந்த அமைதி எனக்கு வேணாம்டி. அண்ணன் வந்து நிக்கிறப்பவும் வரணும்."

காலையில் உட்காருவதை மறுபடி தொடங்கினார். இம்முறை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. குக்கர் விசில் அடித்தால் அடிக்கட்டும், யாராவது வந்தால் எழுந்துவிடுவார். மிச்சத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டார். அரிசி களையும்போது கை தண்ணீரில் இருக்கும், மனமும் அங்கேயே இருக்கும். பிள்ளைகளின் கொப்பியில் சிவப்புப் பேனாவால் பிழை போடும் முன்பு பேனாவைக் கீழே வைத்து ஒரு மூச்சு விடுவார். கதவு தட்டும் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போவார். பேச்சு நாக்கு நுனிக்கு வந்துவிட்டால் ஒரு மிடறு தண்ணீர். எல்லா நாளும் ஜெயித்தார் என்று நினைக்காதீர்கள். மீன்காரரைக் கத்தி அனுப்பிவிட்டு, மூச்சிரைக்க ரோட்டுக்கு இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டு, தேவையில்லாத மீனையும் வாங்கி வந்த கதை அத்தானுக்கு நன்றாகத் தெரியும்.

அதன் பிறகுதான் அண்ணன் வீட்டுக்குப் போகத் தொடங்கினார். அண்ணன் முகம் கொடுக்க மாட்டார், எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். பழைய அக்காவாக இருந்தால் அன்றே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பார். இந்த அக்கா வாசல்படியில் உட்காருவார், அண்ணி கொடுக்கும் தேத்தண்ணியைக் குடிப்பார், பஸ் நேரத்துக்கு எழுந்து வருவார். அடுத்த மாதம் மறுபடி போவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உனக்கு வெக்கமா இல்லயாக்கா?" என்று கேட்டேன்.

"வெக்கமாத்தான் இருக்கு. கோவமும் வருது. வரட்டும்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். கொஞ்ச நேரத்துல அதுங்க போயிருதுடி, நான் இருக்கேன்" என்றார்.

இப்படியே ஒரு வருசத்துக்கு மேல் போனது. பிறகு ஒரு மாலை கடும் மழை. அக்கா படியில் இருந்து எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டபோது, பின்னாலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "பஸ் வராது. ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சாம். உள்ள வந்து படு."

"சரிண்ணே" என்று மட்டும் அக்கா சொன்னாராம். மறுநாள் எனக்கு போன் எடுத்தபோது அவர் குரலே மாறியிருந்தது. "அழுகை வந்துச்சுடி. அதுக்கு மட்டும் மூச்சு கீச்செல்லாம் பாக்கல. நல்லா அழுதுட்டேன்" என்றார். அண்ணனும் அழுததாக அண்ணி பிறகு சொன்னார்.

அதன் பின் கிடைத்தவை நல்ல வருடங்கள். பொங்கலுக்கு அங்கே, தீபாவளிக்கு இங்கே என்று இரண்டு வீடும் ஒன்றானது. சிறுநீரகம் பழுதாகி அக்கா படுக்கையில் விழுந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவர் அண்ணன்தான். உட்கார முடியாத நாட்களிலும் அக்கா படுத்தபடியே, தாதி ஊசி போட வரும்போது ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கையை நீட்டுவார். வலிக்கிறதா என்று கேட்டால், "வலிக்குது, பரவாயில்ல" என்பார். கடைசிக் காலையில் அண்ணன் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார்.

நோயில் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் தாதிமாருக்கும், இரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், சாவு வீட்டில் அடுப்பேற்ற விடாமல் மூன்று வேளையும் சோறு அனுப்பிய பக்கத்து முஸ்லிம் வீட்டாருக்கும், சிங்கள அயலவர்களுக்கும், பன்விலவிலிருந்து வான் வண்டி பிடித்து வந்த தோட்டத்து உறவுகளுக்கும் அத்தான், பிள்ளைகள், நான் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி அண்ணனைக் கேட்டேன். "எனக்கு எழுத வராது" என்று மறுத்துவிட்டார். நான் வாசல் படலையைத் திறந்து தாண்டும்போது கூப்பிட்டுச் சொன்னார்.

"நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தப்பவும் எனக்காக வந்து உக்காந்திருந்தவ அவ ஒருத்திதான். அத மட்டும் போட்டுரு."

போட்டுவிட்டேன், அண்ணே.