அமாவாசைத் தூண்டில்

அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் ஏரிக்கரையில் சாயங்காலம் நடக்கும்போது அந்தப் பெரியவரைப் பார்த்தேன். வெயிலிலும் மங்கி குல்லா, கையில் தூண்டில், பக்கத்தில் காலியாக இன்னொரு மடக்கு நாற்காலி. நான் போனில் தமிழ் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"இன்னிக்கு அமாவாசை தம்பி. பாஸ் மீன் நல்லா கடிக்கும்" என்றார்.

யாராவது தப்பாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டேன்.

"அங்கிள், நிலா இழுக்கறதெல்லாம் கடல்ல. இந்த ஏரில தண்ணி ஏறி இறங்கவா போகுது? அதுவும் நீங்க பாக்கறது இந்தியா காலண்டர். இங்க அமாவாசை நேத்தே முடிஞ்சாச்சு."

அரை மணி நேரம் விளக்கினேன். அவர் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு மீன் மாட்டியது. முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

"அமாவாசைல கவிச்சி தொட மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு அமாவாசையா பாத்து வர்றீங்க?"

"நிலாவுக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லைன்னு எனக்கும் தெரியும் தம்பி. ஹாய் சொன்னா எல்லாரும் கையாட்டிட்டுப் போயிடறாங்க. தப்பா ஒண்ணு சொன்னாத்தான் உக்காந்து பேசறாங்க."

விடைபெற்றுக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை நடைபாதைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.