கிருத்திகை நாளில் வாழைப்பழமும் இரும்பும்

முருகன் கோயில் மலைப்படிக்குப் பக்கத்தில் எங்களுக்கு அர்ச்சனைத் தட்டுக் கடை. தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம், ஊதுவத்தி, கொஞ்சம் பூ. இதில் பழம்தான் தொல்லை பிடித்தது. சீப்பிலிருந்து கழன்ற பழத்தையும் தோல் கறுத்த பழத்தையும் சாமி தட்டில் வைக்க முடியாது. தனியாக விற்கவும் மனசு வராது. உதிரிப் பழம் கடைக்காரர் வயிற்றுக்கு என்பது எங்கள் வரிசையில் எல்லாக் கடைக்கும் வழக்கம். நாள் முழுக்கக் கை தானாகப் போய் ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொள்ளும். தின்றோம் என்கிற நினைப்பே இருக்காது.

அந்த உதிரிப் பழத்தால்தான் என் மருமகளுக்கும் அவள் மாஸ்டருக்கும் தகராறு வந்தது.

என் மருமகள் பளு தூக்குகிறவள். இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடைக்குப் பின்தெருவில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. அங்கே வரும் பையன்கள் பயிற்சி முடிந்ததும் வாழைப்பழம் கேட்பார்கள். மருமகள் சீப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். ஒருநாள் விளையாட்டாகக் கீழே கிடந்த இரும்புக் கம்பியைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். அங்கே சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதைப் பார்த்துவிட்டார்.

"யாரும்மா உனக்கு இப்படிக் குந்தி எழக் கத்துக்குடுத்தது?"

"தேங்கா மூட்டைங்க."

மறுநாளே அவளை வரச் சொல்லிவிட்டார். என் மகன் ஆட்டோ ஓட்டுகிறவன். "என்னைத் தூக்கிப் போடாம இருந்தா சரி" என்று சிரித்தான். அப்படி ஆரம்பித்ததுதான்.

போன வருஷம் முதல் போட்டிக்குப் போனாள். பயத்தில் காலையிலிருந்து தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. மேடையில் கண் இருட்டிக்கொண்டு வந்து கம்பியை நழுவவிட்டாள். ஒரு தடவைகூடச் சரியாகத் தூக்காமல் திரும்பி வந்தவள் ஒரு வாரம் கம்பியைத் தொடவில்லை. இந்த வருஷம் திருவள்ளூரில், முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கான போட்டி. அறுபத்து மூன்று கிலோ பிரிவில் அவள் பெயர். ஆனால் உடம்பு அதற்கு மேலே இருந்தது.

மாஸ்டர் நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

"ராத்திரி சோறு இல்ல, இனிப்பு இல்ல. முக்கியமா, பழம் இல்ல."

"இன்னா மாஸ்டர், உங்க பசங்க எல்லாம் என்கிட்டதான வாங்கித் துன்றாங்க?"

"அவனுங்க ரெண்டு துன்னுட்டுப் போறானுங்க. நீ பேசிகினே உரிக்கிற, உரிச்சிகினே துன்ற. இப்ப என்கூடப் பேச ஆரம்பிச்சப்பால எத்தினி உள்ள போச்சி, சொல்லு?"

மருமகள் கையைப் பார்த்தாள். பாதிப் பழம் இருந்தது. மெதுவாகக் கீழே வைத்தாள்.

நான் உள்ளே வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு மனசு ஆறவில்லை. பழம் தின்றால் பலம் என்று பார்த்து வளர்ந்தவள் நான். இரும்பு தூக்குகிறவளுக்கு வாழைப்பழம் ஆகாதாமே, இது என்ன நியாயம் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அயல் ஆம்பளைகளிடம் எனக்கு வாய் வராது. ஆம்பளை என்ன, போகிற வருகிறவர்களை "வாங்க வாங்க, தட்டு வாங்கிக்கினு போங்க" என்று கூப்பிடக்கூட வராது. பக்கத்துக் கடைப் பூக்காரி, பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரி, அவள்தான் எங்களுக்கும் சேர்த்துக் கூவுவாள்.

"ஏன்க்கா, உன் வாயி இன்னா பேங்க் லாக்கரா? வருஷத்துக்கு ஒருவாட்டிதான் தொறப்பியா?" என்பாள்.

அவள்தான் குண்டையும் போட்டாள். மருமகள் போட்டி தேதியைச் சொன்னதும் பூத்தொடுக்கிற விரல் நின்றுவிட்டது.

"அன்னிக்கு கிருத்திகைடீ!"

பூக்காரர்களுக்குக் கிருத்திகை தேதி யாரும் சொல்லவேண்டியதில்லை.

என் மருமகள் மாதக் கிருத்திகை தவறாமல் இருக்கிறவள். அவளுடைய மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்தால் கிருத்திகைக்குக் கிருத்திகை பழத்தைத் தவிர வேறு தொடமாட்டேன் என்று மலையைப் பார்த்து அப்போது சொன்னாள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறது.

ஆக, வேண்டுதலில் பழம் மட்டும்தான் உண்டு. மாஸ்டரிடம் பழமே கிடையாது.

"ஒரு மாசம் வுட்டா முருகர் கோச்சிக்குவாரா?" என்றார் மாஸ்டர்.

"அவர் கோச்சிக்க மாட்டார். நான்தான் என்மேல கோச்சிக்குவேன்."

"எடை பாத்தப்பறம் ரெண்டு மணி நேரம் கெடைக்கும். இட்லியும் முட்டையும் நான் வாங்கித் தரேன். துன்னுதான் ஆவணும். போன வருஷம் மாதிரி கண்ணு இருட்டிச்சின்னா கம்பி கழுத்துல வுழும், தெரியும்ல?"

அவள் தேங்காய் அடுக்கப் போய்விட்டாள். பசித்தால் தானாக வழிக்கு வருவாள் என்று அவரும் விட்டுவிட்டார்.

அந்த மாதம் முழுக்க அவள் உதிரிப் பழத்தைத் தொடவில்லை. உரிக்கிற விரலுக்கு வேலை வேண்டுமே என்று பூக்காரியிடம் நாரை வாங்கிக் கிழித்துக்கொண்டிருப்பாள். உதிரி எல்லாம் ஆட்டுக்குப் போயிற்று. மாஸ்டர் சொன்னதில் பொய் இல்லை, அவள் உடம்பு இளைத்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

கிருத்திகை அன்று கடையை மகனிடமும் பூக்காரியிடமும் விட்டுவிட்டு, விடிந்ததும் நானும் மருமகளும் ரயில் ஏறினோம். வீட்டுப் பொம்பளை ஒருத்தி கூட வரட்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். என் மடியில் ஒயர் கூடை. அதில் ஏலக்கி வாழை, கொய்யா, சாத்துக்குடி, திராட்சை, பேரீச்சம்பழம், ஒரு பெரிய தர்பூசணித் துண்டு, எல்லாம் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடியிருந்தேன். மருமகளுக்கே தெரியாது.

"இன்னா அத்தை இந்தக் கனம்?" என்று கேட்டாள்.

"மாத்துப் புடவை" என்றேன்.

கல்யாண மண்டபத்தில்தான் போட்டி. மணமேடை இருக்கும் இடத்தில் பலகை மேடை. அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. இரும்பு விழும்போது தரை நடுங்குகிறது, நம் நெஞ்சுக்குள் விழுகிற மாதிரி. எங்கே பார்த்தாலும் பொம்பளைகள். என் வயசுக்குக் கொஞ்சம் கீழே இருந்த ஒருத்தி, வெள்ளை முடி, தோளில் கம்பியோடு குந்தி எழுந்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

எடை பார்க்கிற அறைக்குள் போன மருமகள் ஓடி வந்தாள். "உள்ள இருக்கேன் அத்தை! பிரிவுக்குள்ள இருக்கேன்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதிப் பாதி மாஸ்டர் கையில் பொட்டலமாக வந்தது. இட்லி, அவித்த முட்டை.

"உக்காந்து சாப்புடு."

"வேணாம் மாஸ்டர். இன்னிக்கு கிருத்திகை."

"நேத்து ராத்திரியும் சாப்புடல. எனக்குத் தெரியும்."

"ஆங். சாப்புடல."

"அப்ப நான் போயி உன் பேரை எடுத்துட்டு வரேன். மேடையில மயங்கி வுழுந்தா உன் குழந்தைக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அவர் கோபத்தில் சொல்லவில்லை. பயந்து சொன்னார். நிஜமாகவே அதிகாரிகள் உட்கார்ந்திருந்த மேசையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். மருமகள் அசையாமல் நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை, உதடு மட்டும் ஒட்டிக்கொண்டு இருந்தது. போன வருஷத்து முகம்.

நான் எப்படி எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. கூடையைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேர் நடுவே போய் அவர் முன்னால் நின்றேன். துண்டை எடுத்தேன்.

"இன்னிக்கு அவ இதத்தான் துன்னுவா. இதுல எது, எத்தினி துன்னணும்னு நீங்க சொல்லுங்க."

அவ்வளவுதான். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது.

கூடைக்குள் எட்டிப் பார்த்தார். மருமகளும் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். "இதுவா மாத்துப் புடவை?" என்றாள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. மேசைப் பக்கம் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடியும் கூடையைப் பார்த்தார். பிறகு சட்டென்று தரையில் குந்திவிட்டார்.

"நான் எடை ஏறக்கூடாதுன்னுதான் பழத்த நிறுத்தினேன். எடைதான் பாத்தாச்சே..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் சந்தையில் காய் பொறுக்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

"தர்பூசணி வேணாம், வயித்துல தண்ணி குலுங்கும். கொய்யா கூடவே கூடாது, விதை, நாரு, வயிறு உப்பிக்கும். இடுப்புல பெல்ட்டு போட முடியாது. சாத்துக்குடி சப்பிக்கோ, போதும். வாழப்பழம் ரெண்டு, இப்பவே. மெதுவா மெல்லு. அப்பால ஒண்ணு. பேரீச்சம்பழம் நடுவுல."

"இட்லி இல்லாம ஆவுமா மாஸ்டர்?" என்று அவளே கேட்டாள். அதுவரை பிடிவாதமாக இருந்தவளுக்கு இப்போதுதான் பயம் வந்தது போல.

"முட்டையும் இருந்தா நல்லா இருக்கும்தான். தினமும் பழத்தையே தின்னு தூக்குன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னிக்கு ஒரு நாள் தாங்கும். ஆனா ஒண்ணு, தலை லேசா சுத்துச்சின்னாலும் என்னைப் பாக்கணும். கம்பிய வுட்டுட்டு இறங்கிடணும். சரியா?"

"சரி மாஸ்டர்."

முருகனுக்கு நான் எத்தனையோ தட்டுக்குப் பழம் பொறுக்கி வைத்திருக்கிறேன். அன்றைக்கு உரித்த மாதிரி பயபக்தியோடு ஒரு பழத்தை உரித்ததில்லை.

முதலில் ஒரே மூச்சில் கம்பியைத் தலைக்கு மேலே கொண்டுபோகிற வகை. பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'ஓ' என்று சத்தம் கேட்டுத் திறந்தால் கம்பி மேலே இருந்தது! கை ஆடவில்லை, கண் இருட்டவில்லை. வெள்ளை விளக்குகள் எரிந்தன. வெள்ளை எரிந்தால் சரி என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள். போன வருஷம் ஒன்றுகூட எரியவில்லை.

இறங்கி வந்ததும் மாஸ்டர் கையை நீட்டினார், என்னைப் பார்த்து. நான் பேரீச்சம்பழத்தை வைத்தேன். அவர் அவளிடம் கொடுத்தார். அதற்கப்புறம் எங்கள் மூன்று பேருக்கும் அதுவே முறையாகிவிட்டது. அவள் தூக்குவாள், அவர் கை நீட்டுவார், நான் பழம் வைப்பேன். ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் மாதிரி இருந்தேன்.

அடுத்த வகையில் கம்பியை முதலில் தோளில் வாங்கி நின்று, பிறகு மேலே தள்ள வேண்டும். கடைசி முறைக்கு மாஸ்டர் எடையைக் கூட்டச் சொல்லிவிட்டார். பயிற்சியில்கூட அவள் அதைத் தூக்கியது இல்லையாம். தோளுக்கு வந்தது. குந்தினாள். எழுந்திருக்க முடியவில்லை. முட்டி நடுங்குகிறது, முகம் செங்கல் நிறம். மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

"ஏந்துரும்மா! ஏந்துரு! தேங்கா மூட்டைன்னு நெனச்சிக்கோ, ஏந்துரு!"

யார் இப்படிக் கத்துகிறது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்தான். நாற்காலிமேல் வேறு ஏறி நின்றிருந்தேன்.

எழுந்துவிட்டாள். ஒரு நொடி நின்றாள். தள்ளினாள். கை இரண்டும் நேராக நின்றன, கோபுரம் மாதிரி. வெள்ளை, வெள்ளை, வெள்ளை.

இரண்டாம் இடம். முதல் இடம் வாங்கியது அந்தப் பிரிவில் பல வருஷமாகத் தூக்குகிற ஒருத்தி. எங்களுக்கு அது கவலையே இல்லை. மருமகள் மேடையில் இருந்து குதித்து இறங்கி, வியர்வையோடு என்னைத் தூக்கிவிட்டாள். நாற்காலியோடு தூக்காதது என் அதிர்ஷ்டம்.

மாஸ்டர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் இருந்து அவரும் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"அந்தக் கொய்யாவ இப்படிக் குடும்மா" என்றார். "நான் இன்னிக்கு பெல்ட்டு போடப் போறதில்ல."

கொய்யா எல்லாவற்றையும் அவரே தின்றார். தர்பூசணியை, அந்த வெள்ளை முடிக்காரி உட்பட, பக்கத்தில் இருந்த பெண்கள் பிய்த்துக்கொண்டார்கள். ஒயர் கூடை காலியாகிவிட்டது.

திரும்பும் ரயிலில் மருமகள் பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. அரக்கோணம் வருவதற்குள் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"அத்தை, பசிக்குது. பழம் மீதி கீதா?"

"எல்லாத்தையும் உன் மாஸ்டர் துன்னுட்டாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். விரதம் முடிய மலையில் விளக்கு போடும் நேரம் ஆகவேண்டும். அப்போது பெட்டியின் அந்தக் கோடியில் ஒருவர் தட்டில் கொய்யா அடுக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குத் தாண்டப்போனார். கூட்டம் வழி எல்லாம் நின்றிருந்தது. மருமகள் கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள், "ஏம்பா கொய்யா! இங்க வா! இரும்பு தூக்கிட்டு வந்த பொண்ணு பசியோட குந்திகினு கீது!" என்று பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி நான் கூவினேன்.