இருட்டு கேட்ட செடி

அம்மாவுக்கு வயிற்றில் புற்று. திருநெல்வேலியில் மருந்து ஏற்றிவிட்டு வந்தால் சோறு கொதிக்கும் வாசனையே அவளுக்கு ஆகாது. வாந்திக்கு மாத்திரையை மாற்றிப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், நாக்கில் கரையும் வில்லை கொடுத்தார்கள். எதுவும் கேட்கவில்லை. வளையல் முழங்கை வரை ஏறத் தொடங்கியது.

அப்போதுதான் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவள் வெளியூரிலிருந்து வந்தாள். கண்ணாடி துடைக்கும் துணியில் மூன்று கஞ்சா விதைகளை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் மாமனாருக்கு அதுதான் பசியைக் கொடுத்ததாம்.

"சாட்டிவா ரகம் தூக்கலான கலப்பு. ஒல்லியா உயரமாப் போகும், பூக்க லேட்டாகும். பூதான் மருந்து. அவசரப்படாத" என்றாள்.

ஒரு செடி வைத்தாலும் ஜெயில் என்று தெரியும். தெருவில் பொட்டலமாக விற்பதில் என்ன கலந்திருக்கும் என்பது தெரியாது. இந்த இரண்டையும் எடைபோட்டுத்தான் மொட்டைமாடியில் மண் நிரப்பினேன்.

ஒரு விதை அழுகிவிட்டது. ஒன்று ஆண் செடி, அதில் மருந்துக்கான பூ வராது. அடையாளம் தெரிந்ததும் பிடுங்கினேன். மிஞ்சியது ஒன்றுதான். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் இலை நுனி கருகியது. அதனால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை ஊற்றினேன். காற்றுக்குச் சாயாமல் கம்பு கட்டினேன். இலை ஏழு விரலாக விரிந்து, தண்ணீர்த் தொட்டியின் உயரத்தைத் தாண்டியது.

கீழே படுத்தபடி அம்மா கேட்பாள்: "எனக்கு வாங்குன தண்ணிய அது குடிக்கி. பூத்துட்டா?"

"இன்னும் இல்லம்மா."

"என்னைய மாதிரிதான். தின்னாம வளருது."

செப்டம்பர் முடிந்தும் பூ வரவில்லை. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை பார்க்கிறேன். ஒன்று ஓடவில்லை என்றால் காரணங்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவது பழக்கம். உரம், வேர், தண்ணீர், பூச்சி எல்லாம் அடிபட்டன. மீதி இருந்தது வெளிச்சம். இந்தச் செடி பூக்க வேண்டுமென்றால் இரவு முழுக்கத் தடையில்லாத இருட்டு வேண்டும். என் செடிக்கு இரவே வரவில்லை.

காரணம் பக்கத்து வீட்டு மாடியில் இருந்தது. அந்த வீட்டு அக்கா அங்கே மாதா சிலைக்குக் குகை மாதிரி ஒரு கெபி கட்டியிருந்தாள். அவள் மகன் மாலத்தீவுக்குப் போகும் தோணியில் வேலை செய்கிறான். அவன் கடலுக்குப் போன நாளிலிருந்து திரும்பி வரும் வரை கெபியில் விளக்கு அணையக் கூடாது என்பது அவள் நேர்ச்சை. மற்ற வருடங்களில் அது சின்ன பல்பு. இந்த வருடம் போகும்போது அவனே ஒரு எல்இடி ஃபோகஸ் லைட்டை மாட்டிவிட்டுப் போயிருந்தான். அதன் வெள்ளை வெளிச்சம் சுவரைத் தாண்டி நேராக என் செடியின் மேல் விழுந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் சுவரோரம் நின்று பேச்சுக் கொடுத்தேன்.

"அக்கா, அந்த லைட்ட ராத்திரி அணைச்சு வைக்க முடியுமா? அம்மாவுக்குக் கண்ணு கூசுது."

"ஒங்கம்மா கீழ் ரூம்புல சன்னல அடைச்சிட்டுப் படுத்திருக்கா. மாடில ஆருக்குளா கண்ணு கூசுது?"

எனக்குப் பொய் ஓடாது. சொல்லிவிட்டேன். அவள் எட்டி, கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தாள்.

"மாதாவே! நான் மரவள்ளின்னுல்லா நெனச்சேன்!"

"பூத்தா அம்மா சாப்பிடுவாக்கா."

அவள் கெபிப் பக்கம் திரும்பினாள். "எம் பிள்ள தண்ணிக்கு நடுவுல கெடக்கான். அணைக்க மாட்டேன்ளா. கேக்காத."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க நியாயமும் இல்லை. உப்பு அம்பாரத்தை மூடும் கறுப்புத் தார்ப்பாய் ஒன்று வாங்கி, நான்கு கம்பு நட்டு, பொழுது சாயும்போது மூடி, விடிந்ததும் திறந்தேன். ஆனால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எனக்கு மத்தியான ஷிப்டு. அந்த வாரங்களில் மூட ஆளில்லை. ஒரு நாள் மூடி ஒரு நாள் விட்டால் செடி குழம்பிப்போகும்.

முதல் மத்தியான ஷிப்டு முடிந்து பதறிக்கொண்டு வந்து மாடி ஏறினேன். தார்ப்பாய் மூடியிருந்தது. கீழே செங்கல் வைத்து, வெளிச்சம் புகாமல் சீலை மடிப்பதுபோல் மடித்துவிட்டிருந்தது. அந்தப் பக்கம் லைட் எரிந்துகொண்டிருந்தது.

காலையில் அக்காவிடம் கேட்டேன். "போலீஸ் வந்தா என்னக்கா சொல்லுவிய?"

"கெபிக்குப் பந்தல் போட்டேன்னு சொல்லுவேன். போளா, வேலையப் பாரு."

அக்டோபர் பாதியில் கணுக்களில் வெள்ளை முடி தெரிந்தது, பூவின் முதல் அடையாளம். அம்மாவிடம் சொன்னேன். அவள் அன்றைக்கு அரை டம்ளர் இளநீரைத் தவிர வேறு எதையும் வயிற்றில் வைத்திருக்கவில்லை. "சீக்கிரம் வரச் சொல்லு" என்றாள்.

மழை வந்தது. தார்ப்பாய்க்குள் வியர்த்தது, மூடாவிட்டால் மழை அடித்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். அக்கா கெபி முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றாள். இரண்டு நாள் கழித்து, தோணி மாலத்தீவிலேயே ஒதுங்கி நிற்கிறது என்று தகவல் வந்தது. அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டே தார்ப்பாயின் செங்கல்லை நகர்த்தினாள். என் செடியின் உச்சிப் பூவில் சாம்பல் பூஞ்சை பிடித்திருந்தது.

பூ முற்ற இன்னும் மூன்று வாரமாவது வேண்டும். விட்டால் எல்லாம் அழுகும். நனைந்துகொண்டே அறுத்தேன். அழுகியதைக் கழித்ததும் மிஞ்சியது இரண்டு கை கொள்ளும் அளவு. அதைத் தாளில் பரப்பி, அம்மா அறையின் மூலையில் மின்விசிறியைப் போட்டுக் காயவைத்தேன். பாதி அங்கேயும் புழுங்கிப்போனது. மீதியை நெய்யில் காய்ச்சி ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் ஊற்றினேன்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா தூங்கினாள், எழுந்தாள், சுவரைப் பார்த்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் பக்கத்து வீட்டில் சாளை மீன் பொரிக்கும் வாசனை வந்தது. வாந்திச் சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் கையால் தடுத்தாள்.

"பொரிக்காளா? ஒரு துண்டு கேட்டு வாங்கிட்டு வா."

சோற்றோடு ஐந்தாறு வாய் தின்றாள். முள்ளை அவளே எடுத்தாள். என்னோடு கூடவே வந்த அக்காவும் நானும் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம். தின்றது வெளியே வரவில்லை.

டப்பா பத்து நாள்கூட வரவில்லை. கடைசியில் வெந்நீர் ஊற்றி அலசி, அதையும் கொடுத்தேன். வேறு விதை இல்லை. இருந்தாலும் அது பூக்க ஐந்து மாதம் ஆகும். டாக்டர் அவ்வளவு காலம் சொல்லவில்லை.

மறுநாள் கஞ்சியை நகர்த்திவிட்டு அம்மா கேட்டாள்: "அந்த நெய் இன்னும் இருக்கா?"

"அடுத்த பூ காயுதும்மா" என்றேன்.