இழுக்கக் கூடாத நூல்

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூல் சிக்கிக்கொண்டால் அதைத் தில்லையம்மாளிடம்தான் கொண்டுபோவார்கள். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கத்தரிக்கோலைத் தேடுவார்கள். அவளோ சிக்கை மடியில் போட்டுக்கொண்டு, விரலில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே பிரித்துவிடுவாள். ஓர் இழைகூட அறுந்திருக்காது. புருஷன் காலராவில் போன பிறகு அண்ணன் கைலாசத்தின் வீட்டில் இருந்தாள். அங்கே அவள் சாப்பிட்ட சோறு முழுக்க அந்த விரல்கள் சம்பாதித்தது. யாரும் அவளுக்குச் சும்மா போடவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஊர் அவளைச் சிறுத்தைக்காரம்மா என்று கூப்பிட்டதெல்லாம் பிறகு வந்தது.

பணம் சேர்ந்தால் சிலர் சத்திரம் கட்டுவார்கள், சிலர் இன்னொரு வீடு கட்டுவார்கள். பட்டு வியாபாரி வீரபாகு முதலியார் கூண்டு கட்டினார். மெட்ராஸ் போயிருந்தபோது, ஜனங்கள் உயிர்க் காலேஜ் என்று சொல்லும் மிருகக்காட்சி சாலையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கம் அவருக்கு ஒரு தோப்பு இருந்தது. அங்கே மான், மயில், முள்ளம்பன்றி, ஒரு கிழட்டுக் கரடி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வந்த வேகத்தில் பாதி செத்தும் போயின. தீனி போட்டால் போதும் என்று நினைத்திருந்த முதலியார் அப்போதுதான் விழித்துக்கொண்டு, உயிர்க் காலேஜில் வேலை பார்த்த அந்தோணி என்பவனைக் கூடுதல் சம்பளம் பேசி அழைத்து வந்தார். இதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றில் நடந்தது.

அந்தோணிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. உள்ளூரில் ஓர் ஆளை இந்த வேலைக்குப் பழக்கிக் கொடுப்பதாக அவன் முதலியாரிடம் ஒப்புக்கொண்டிருந்தான். வந்த ஆண்கள் நிற்கவில்லை. கூண்டு கழுவுவது கௌரவக் குறைச்சல் என்று ஒருவன் போனான். கரடி முறைத்தது என்று இன்னொருவன் போனான். அந்தச் சமயத்தில் ஜவ்வாது மலைப் பக்கம் தாய்ச் சிறுத்தையைச் சுட்ட வேட்டைக்காரர்கள், கண் திறந்து சில நாளே ஆன இரண்டு குட்டிகளைக் கூடையில் கொண்டுவந்து விற்றார்கள். நேரம் தவறாமல் பாலூட்ட ஆள் வேண்டும். முதலியாருக்கு நூல் இழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தில்லையம்மாள், "நான் பாத்துக்கிறேன் சாமி" என்றாள். குட்டிகள் பிழைத்து வளர்ந்தால் தீபாவளிக்கு அவளை நிரந்தரமான கீப்பராக வைத்துக்கொள்வதாக முதலியார் வாக்குக் கொடுத்தார்.

பிள்ளை இல்லாதவள், அதனால்தான் போனாள் என்று தெருவில் பேசினார்கள். எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஆண்பிள்ளை வேலைக்குப் போனால் வேலைக்குப் போனான் என்கிறோம். பெண் போனால் மட்டும் காரணம் தேடுகிறோம். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது, போனாள்.

பிடித்திருந்தாலும் சுலபமாக வந்துவிடவில்லை. கறியைக் கையால் தொட்டறியாத சைவக் குடும்பம். குட்டிகளுக்குப் பல் முளைத்துக் கறி கொத்திப் போட வேண்டி வந்தபோது, முதல் நாள் வாந்தியெடுத்தாள். மறுநாள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கொத்தினாள். அதற்குப் பிறகு துணியும் தேவைப்படவில்லை. பால் குடித்ததும் ஈரத்துணியால் அடிவயிற்றைத் தடவினால்தான் குட்டி மூத்திரம் போகும் என்று கற்றுக்கொண்டாள். ஒரு கதவைத் தாழ் போட்ட பிறகே அடுத்த கதவைத் திறக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டாள்.

"காலைல வந்ததும் மூஞ்சியப் பாக்காதேக்கா. என்னா போட்டு வெச்சிருக்குதுன்னு தரையப் பாரு. நோவு மூஞ்சிக்கு வர்றதுக்கு முன்னாடி அங்க வந்துடும்" என்பான் அந்தோணி. கூண்டுக்குள் போகும்போது மடியில் சாவி, வெற்றிலை, காசு எதுவும் இருக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தான்.

அவள் சாவியை வெளியே வைத்தாள். வெற்றிலையை வெளியே வைத்தாள். நூலை ஒரு சாமானாக அவள் நினைக்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் யார்தான் நினைப்பார்கள்? அங்கே நூல் தலைமயிரில் இருக்கும், சோற்றில் இருக்கும், தவழும் குழந்தையின் வாயில் இருக்கும். வாயில் இருந்தால் இழுத்துப் போட்டுவிட்டு அம்மா தன் வேலையைப் பார்ப்பாள். கழிவுப் பட்டைப் பந்தாகச் சுற்றிக் குழந்தைக்கு விளையாடக் கொடுப்பதும் அந்தத் தெருவில் வழக்கம்தான். குட்டிகள் ஓடியாட ஆரம்பித்ததும் தில்லையம்மாள் அரக்குப் பட்டில் ஒரு பந்து சுற்றிப் போட்டாள். இரண்டும் அதைத் துரத்திக்கொண்டு உருண்டதைப் பார்த்து, அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

வைகாசியில் வரதராஜருக்குக் கருட சேவை. ஊரே அங்கே போய்விட்டது. முதலியார் தண்ணீர்ப் பந்தலில் நின்றுகொண்டிருந்தார். தோப்புக் காவலாளும் போய்விட்டான். தங்கையைப் பார்க்க மெட்ராஸுக்குப் போன அந்தோணி மாலை ரயிலில்தான் திரும்புவான். ஆண் குட்டி முந்தின நாளிலிருந்தே சரியாகத் தின்னவில்லை. அன்று காலை பாலையும் கக்கியது. தில்லையம்மாள் கற்றுக்கொண்டபடி தரையைப் பார்த்தாள், ஒன்றுமில்லை. வாலைத் தூக்கிப் பார்த்தாள். அரக்கு நிறத்தில் ஒரு நூல் முனை தொங்கியது.

அவளுக்கு உயிர் வந்தது. இதுதானே, இதற்கா இத்தனை பயம் என்று நினைத்தாள். குட்டியை மடியில் கிடத்திக்கொண்டு, விரலில் எண்ணெய் தொட்டு, மெதுவாக இழுத்தாள். ஒரு சாண் வந்தது. அப்புறம் பிடித்துக்கொண்டது. சிக்கு பிடித்துக்கொண்டால் அவள் என்ன செய்வாளோ அதையே செய்தாள்: கொஞ்சம் தளர்த்தினாள், காத்திருந்தாள், மறுபடி இழுத்தாள். குட்டி ஒரு தரம் கத்தியது. நூல் இன்னும் ஒரு முழம் வந்து அறுந்தது. தில்லையம்மாள் நூல் அறுத்ததை யாரும் பார்த்ததில்லை. அவளே அப்போதுதான் பார்த்தாள். ஆனாலும் வந்தவரைக்கும் நல்லது என்று குட்டியைத் தட்டித் தூங்க வைத்தாள்.

அந்தோணி வந்து சேர்ந்தபோது அது செத்திருந்தது.

கிணற்றடியில் வைத்து அவன் வயிற்றைக் கீறினான். குடல், பாவாடை நாடாவைச் சுருக்கி இழுத்தாற்போல் கொசுவிக் கிடந்தது. மடிப்புக்கு மடிப்பு கிழிந்திருந்தது. நடுவில் அரக்கு நூல்.

"யாராச்சும் இழுத்தாங்களா?" என்று கேட்டான்.

"நான்தான் தம்பி. சிக்கு எடுக்கற மாதிரி மெதுவாத்தான் எடுத்தேன்."

"ஒரு முனை உள்ள எங்கியோ மாட்டிக்கினு இருக்கும்க்கா. இந்தப் பக்கம் இழுத்தா குடலு அது மேல சுருண்டுக்கினு அறுந்துபூடும். மெதுவா இழுத்தாலும் அறுக்கும். மெட்ராஸ்ல ஒரு காட்டுப்பூனை காத்தாடி நூல முழுங்கிச்சு. அதையும் ஒருத்தன் இழுத்தான். இப்பிடித்தான் ஆச்சு."

தில்லையம்மாள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கேட்டறிந்த வரையில், அவள் அப்போது அழவில்லை. அழ நேரமும் இல்லை. பந்து ஒன்று, குட்டி இரண்டு என்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. மறுநாள் காலை பெண் குட்டியின் வாலடியிலும் அதே அரக்கு முனை தெரிந்தது.

அந்தோணி குட்டியின் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தான். "நாக்குல சுத்திக்கல. அந்த மட்டும் நல்லது" என்றான். வெளியே தெரிந்த நூலை ஒட்ட நறுக்கினான். பாலில் நெய் கலந்து கொடுக்கச் சொன்னான்.

"வேற ஆளப் பாத்துக்கோ தம்பி. இதயும் நான் கொன்னுடுவேன்."

"வேற யார் கையால குடிக்கும் இது? நீ கூடவே இரு, அக்கா. பாலக் குடு. தொடாதே. தானா வரணும், வந்தா வரட்டும்."

இரண்டு நாள் அவள் அங்கேயே இருந்தாள். வீட்டிலிருந்து கைலாசம் வேறு புடவை கொண்டுவந்தான். பட்டு படாத பருத்திப் புடவை, விளிம்பில் ஒரு பிசிறு இருந்தாலும் கூண்டுக்குள் கட்டிவரக் கூடாது என்று அவளே சொல்லி அனுப்பியிருந்தாள். குட்டி சுருண்டு படுத்துக்கொண்டு முனகியது. முக்கும்போதெல்லாம் நூல் விரலளவு வெளியே வரும், நிற்கும். குட்டி கத்தியபடி அவள் மடிக்கு ஏறப் பார்க்கும். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாழ்நாள் முழுவதும் அந்த விரல்கள் ஒரு நூல் முனையைக் கண்டு சும்மா இருந்ததில்லை. இதோ வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான், இழுத்தால் இதன் வலி தீரும் என்று அவை அவளைப் பிடுங்கியெடுத்தன. ஒரு சமயம் கை தானாக எழுந்தேவிட்டது. அவள் எழுந்துபோய்க் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஏகாம்பரநாதா, என் கைய முடக்கிப் போடு" என்று உரக்க அழுதாள். அந்தோணி வந்து, வெளியே வந்திருந்த மட்டும் நறுக்கிவிட்டுப் போனான்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் அவள் வழக்கம்போல் தரையைப் பார்த்தாள். சாணி நிறத்தில் ஒரு சுருணை, எலுமிச்சம்பழம் பருமன். குச்சியால் விலக்கிப் பார்த்தாள். பட்டு. குட்டி தண்ணீர்ச் சட்டியில் வாயை வைத்து நக்கிக்கொண்டிருந்தது. மதியம் கொத்துக் கறி கேட்டுக் கத்தியது.

முதலியார் வண்டி போட்டுக்கொண்டு வந்தார். செத்ததைப் பற்றி அவர் அதிகம் விசாரிக்கவில்லை. "ஒண்ணாச்சும் தங்கிச்சேம்மா. ஆம்பளைங்க ஓடிப்போன எடத்துல நீ நின்ன. தீபாவளி எதுக்கு, இன்னியிலேருந்தே நீ கீப்பருதான்" என்றார். கூட வந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். தில்லையம்மாள் கும்பிட்டாள், பதில் சொல்லவில்லை. மகிழ்ச்சியில் வாயடைத்துப் போயிற்று என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வண்டி போன பிறகு அவள் அந்தோணியைக் கூப்பிட்டாள். அவன் கரடிக் கூண்டைக் கழுவுவதற்குத் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.

"தம்பி, இது தொடாம வுட்டதாலதானே பொழைச்சுது?"

"ஆமாக்கா."

"அப்போ அதயும் நான் தொடாம வுட்டிருந்தா?"

அந்தோணி வாளியைக் கீழே வைத்தான். இல்லை, அது எப்படியும் செத்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் இனி அவள் கீப்பர். நாளைக்கு வேறொரு கூண்டின் முன் அவள் தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

"பொழைச்சிருக்கும்க்கா" என்றான்.

தில்லையம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். உள்ளே குட்டி பசித்துக் கத்தியது. அவள் போய்க் கையைக் கழுவிக்கொண்டு பாலைச் சுட வைத்தாள்.